நீ சொல்லிவிட்டுப் போன பிட்ச்சர்

மச்சான்,

கார் டிக்கியைத் திறந்தால் தேங்காய் எண்ணெய் மணக்கிறது. மாசி மாதத்துச் சிட்னி வெயில், செவன் ஹில்ஸில் என் வேலைத்தலத்துக்கு வெளியே பகல் முழுக்க வெந்து கிடந்த கார், உள்ளே அபியின் பேஸ்போல் கிளவுஸ். அதற்கென்றே தனி எண்ணெய் இருக்கிறது, கடையில் விற்கிறார்கள் என்று நான் சொன்னேன். நீ கேட்டாயா? "தலைக்கு வைக்கலாமெண்டா தோலுக்கு வைக்கக் கூடாதோ?" என்று, எங்கள் குசினியிலிருந்த போத்தலை எடுத்துவந்து வழிய வழியத் தேய்த்தாய். போன குளிர்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ போய்விட்டாய். எண்ணெய் மட்டும் போகவில்லை. டிக்கியை அடித்துச் சாத்தினேன். எனக்கு உன்மேல் அவ்வளவு கோபம்.

இந்த விளையாட்டை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவன் நீ. குவேக்கர்ஸ் ஹில்லில் உன் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் பெண்பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, என்னைக் கேளாமலே என் மகள் அபியின் பெயரைக் கொடுத்தாய். உன் தங்கையை எனக்குத் தந்தவன் என்ற உரிமை. அதற்கு முன்பே, பிளாக்டவுனில் ஒரே அறையில் படுத்து எழும்பிய கூட்டாளி என்ற உரிமை வேறு. நம் இருவருக்கும் கிரிக்கெட்டைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது. முதல் நாள் அபி முழங்கையை மடக்கி எறிந்ததைக் கண்டு நான் தலையில் கைவைத்தேன். "மாங்காய்க்குக் கல்லெறியிற மாதிரியெல்லோ எறியிறாள்!" என்றேன். "இஞ்ச அதுதானாமடா சரி" என்று நீ வயிறு குலுங்கச் சிரித்தாய்.

தெரியாத ஒன்றைத் தெரியாமலே விட்டுவிட எனக்கு வராது. வீடியோக்கள் பார்த்துப் படித்தேன். நடுவில் நின்று பந்தை எறிகிறவர்தான் பிட்ச்சர், ஆட்டமே அவர் தோளில்தான் தொங்குகிறது என்று விளங்கிக்கொண்டேன். அவர் நான்கு பந்தைப் பிழையாக எறிந்தால் மட்டை பிடித்தவர் அடிக்காமலே முதல் பேஸுக்கு, அதாவது ஓடிச் சேர வேண்டிய முதல் மூலைக்கு, நடந்து போய்விடலாம் என்பதும் தெரிந்தது. அபி எறிவதைப் போனில் எடுத்து, மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். என் வேலை உனக்குத் தெரியும்தானே. பட்டியில் ஓடிவரும் போத்தல் மூடிகளில் நெளிந்ததையும் கீறியதையும் பொறுக்கி எடுப்பது. கிழமை முழுக்கக் குறை பார்க்கிற கண் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பொத்திக்கொண்டு இருக்குமா?

நீயோ கோயிலில் பூசை முடிந்ததும் வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் நேரே வருவாய். யார் வெல்கிறார்கள் என்றுகூட உனக்குத் தெரியாது. அபியின் பந்து மட்டைக்காரனின் தலைக்கு மேலால் பறந்தாலும், "என்ன வேகம்! எறியடி என்ர சிங்கம்!" என்று கத்துவாய். மற்றப் பெற்றோர் திரும்பிப் பார்ப்பார்கள். நான் தொப்பியை இழுத்து முகத்தில் விடுவேன். "அவளுக்குத் தோளில பலம் காணாது மச்சான், பந்து போய்ச் சேரேக்க சோர்ந்துபோகுது" என்று ஒருநாள் சொன்னேன். நீ கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாய். "காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு எண்டு சொல்லுவாங்கள். நீ என்ன காகமடா?"

அதோடு விட்டாயா? அவளைக் கூப்பிட்டு, என் முன்னாலேயே, "நீதான் பிட்ச்சர். அமெரிக்காவில இருந்து யூனிவர்சிட்டிக்காரர் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போவாங்கள்" என்றாய். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்கிற கதையா அது?

போன மாதம் கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்த நாட்டுக் கோச்மாரை உனக்குத் தெரியும். பிள்ளை தடுக்கி விழுந்தாலும் 'கிரேட்' என்பார்கள். அப்படிப்பட்டவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, சொல்லைத் தேடித் தேடிப் பேசினார். அபியின் கைகள் சுறுசுறுப்பு, கால்கள் சுறுசுறுப்பு, பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே அறிகிற கண் இருக்கிறது. எறிவதை விட்டு, இரண்டாவது பேஸில் நின்று பந்து பிடிக்கச் சம்மதித்தால் மாவட்ட அணியில் அவளுக்கு ஓர் இடம் உண்டு. பிட்ச்சராகத்தான் வருவேன் என்றால் இல்லை. வீட்டில் கதைத்துப் பாருங்கள் என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மச்சான். இரண்டு வருடமாக நான் கண்டதை இன்னொருவரும் கண்டிருக்கிறார். அதோடு என் பிள்ளைக்கு உண்மையாகவே ஏதோ இருக்கிறது, அதற்கு ஓர் இடமும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். உன் தங்கை சட்டியை அடுப்பில் வைத்தபடியே, "அண்ணா அவளைப் பிட்ச்சரெண்டெல்லோ சொன்னவர்" என்றாள். நீ உயிரோடு இருக்கும்வரை உன் பேச்சை அவள் ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை. "அண்ணாவுக்கு வாய்தான்" என்று சிரிப்பாள். செத்த பிறகு நீ சொன்னதெல்லாம் வேதவாக்கு. உயிரோடு இருப்பவனோடு வாதாடலாம், உன்னோடு நான் எப்படி வாதாடுவது?

அபியைப் பக்கத்தில் இருத்தி வீடியோவைக் காட்டினேன். "இஞ்ச பாரம்மா, எறியேக்க தோள் விழுது. இது உன்ர பிழையில்ல, உடம்பின்ர அமைப்பு. செகண்ட் பேஸில நிண்டா உன்னை வெல்ல ஆளில்லை" என்றேன். எவ்வளவு பக்குவமாகச் சொன்னேன் தெரியுமா? "ஐ நோ, அப்பா" என்றாள். தெரிந்தால் பிறகென்ன என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்தால்தான் தமிழ் வரும்.

"மாமா என்னைப் பார்க்க வாறவர். நீங்கள் செக் பண்ண வாறீங்கள்."

மனம் உடைந்துபோனேன் என்றெல்லாம் எழுத மாட்டேன். எரிச்சல்தான் வந்தது. விடியற்காலையில் எழுப்பி மைதானத்துக்குக் கூட்டிப்போவது நான். தோள் நோகிறது என்றால் ஐஸ் வைப்பது நான். கழுத்து நோக வீடியோ பார்ப்பது நான். வாய்க்கு வந்ததைக் கத்திவிட்டுப் போனவன் பார்க்க வந்தவனாம். பிள்ளையிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கண்டு சொல்வது தகப்பனின் வேலை இல்லையா? நான் சொல்லாவிட்டால் நாளைக்கு யாரோ ஓர் அந்நியன் இதைவிட மோசமாகச் சொல்ல மாட்டானா?

அவள் தானே கோச்சிடம் போய் இரண்டாவது பேஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மாவட்ட அணியில் அந்த இடம் வேறொரு பிள்ளைக்குப் போனது. இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. பேசியிருந்தால் உன்னைத்தான் திட்டியிருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பிளாக்டவுன் பக்கத்தில் ஓர் ஆட்டம். பிட்ச்சர் அபிதான். காற்றே இல்லாத வெயில். பந்து அங்கும் இங்கும் போனது. ஒருவன் ஓசியில் முதல் பேஸுக்கு நடந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன், பிறகு இன்னொருவன். அபி தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தாள். அவள் உதடு கடிப்பது எனக்குத் தெரிந்தது. எனக்குப் பின்னாலிருந்த ஒரு தகப்பன், இந்தப் பிள்ளையை ஏன் இன்னும் எறிய விடுகிறார்கள் என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். நான் இரண்டு வருடமாகச் சொன்னது அதுதான். ஏறக்குறைய அதே சொற்கள்.

நான் எழும்பித் திரும்பினேன். "அவள் என் மகள். இன்னும் கொஞ்சக் காலத்தில் இந்தப் பக்கத்திலேயே அவளைப்போல எறிய ஓர் ஆள் இருக்காது" என்று என் முறிந்த ஆங்கிலத்தில், அவருக்கு மட்டுமல்ல, மைதானம் முழுவதற்கும் கேட்கச் சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்டார். அபி ஒரு கணம் எங்கள் பக்கம் பார்த்தாள். பிறகு எறிந்தாள். அதுவும் பிழையான பந்துதான்.

நான் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் நம்பவில்லை, மச்சான். ஆனால் குரல் நடுங்கவில்லை. கதிரையில் திரும்ப இருந்தேன். அப்போதுதான் இந்த யோசனை வந்து என்னைப் பிடித்துக்கொண்டது, இன்றுவரை விடவில்லை. நீ ஒன்றும் விளங்காமல் கத்துகிறாய் என்றுதானே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். உனக்கும் தெரியுமா? அவளுடைய தோள் போதாது என்று நீயும் கண்டாயா? கண்டுகொண்டே, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, அவ்வளவு பெரிய குரலில் கத்தினாயா?

தெரியாமல் சொன்னாய் என்றால் நீ ஒரு விசரன். மன்னித்துவிடலாம். தெரிந்துகொண்டே சொன்னாய் என்றால், அதை எப்படிச் செய்வது என்று எனக்குச் சொல்லித் தராமல் போனாயே, அதை நான் மன்னிக்க மாட்டேன். வாற ஞாயிற்றுக்கிழமையும் அவள்தான் எறியப் போகிறாள். நான் போய் என்னடா கத்துவது?