அந்தோனியாருக்கு நேர்ந்த மேஸ்

தெமோதரை
20.06.2006

அன்பு மகன் ஜொனிக்கு, சித்தப்பா சிங்கராயர் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மழையும் அட்டைக்கடியுமாக இருந்தாலும் நானும் சித்தியும் உயிரோடு திடமாக இருக்கிறோம். கட்டார் வெயில் உன்னைக் கருக்காமல் பார்த்துக்கொள்ள அந்தோனியாரிடம் சொல்லியிருக்கிறேன், அவர் என் பேச்சைத் தட்டுவதில்லை. இந்தக் கடிதம் உன் தங்கச்சி கிருஷாந்தியைப் பற்றியது, உட்கார்ந்து படி.

ஓடி ஓடி அவளுக்கு வந்த கணைக்கால் நோவுக்கு நீ கூட்டாளியிடம் கொடுத்துவிட்ட இறுக்கமான மேஸ் சோடியை, அந்த நீளக் காலுறையை, வந்த அன்றே லயத்தில் வீடு வீடாகக் காட்டினேன். வெள்ளைக்கார ஓட்டக்காரர்களுக்கென்றே செய்வது, விலையைக் கேட்டால் டொக்டரே மயங்கிவிடுவார் என்றேன். பெரிய கங்காணி இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, இதைப் போட்டா மலையில அட்டை ஏறாதே, எனக்கும் ஒண்ணு சொல்லுங்க என்றார். ஓடும்போது போட்டுப் படுக்கும்போது கழற்றச் சொல் என்று நீ போனில் சொன்னதையும் பிள்ளையிடம் அப்படியே சொன்னேன். ஆனால் உன் சித்தி மரியகொரட்டி அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய் அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் வைத்து, திருநாளன்று உங்கள் முன்னால்தான் கழற்றுவோம், அதுவரை பிள்ளை காலைவிட்டு இறங்காது என்று நேர்ந்துகொண்டாள். நேர்ந்ததைக் கழற்ற யாருக்குத் துணிச்சல் வரும். பிள்ளை காலில் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டுதான் குளித்தாள். நீளம் கூடிப்போனதால் மேல் விளிம்பை முழங்காலுக்குக் கீழே சுருட்டிச் சுருட்டி விட்டிருந்தாள். கால் மரத்துப்போனதை நோவு போகிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டோம் மகன். மாகாணப் போட்டியில் இவள் ஓடும்போது மற்றப் பிள்ளைகள் நடந்து வருவதுபோல் இருக்கும் என்று பெரகல சந்திவரை சொல்லிவைத்தேன்.

திருநாளன்று கோயில் படியில் பாதத்தைத் தூக்க வராமல் செருப்பு தரையில் இழுபட்டது. கழற்றினால், சுருட்டின இடத்தில் கயிறு கட்டினது மாதிரி சதை உள்ளே போயிருந்தது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் தங்கமான மனுஷன், என்னைக் கண்டதும் எழும்பியே நின்றார். மேஸில் குற்றமில்லை, சுருட்டி இராப்பகலாக விட்டதில் நரம்பு நசுங்கிவிட்டது என்றார். ஆகவே நீ உன்னை நொந்துகொள்ளாதே.

சித்திக்குச் சோறு இறங்குவதில்லை, சுரூபத்துக்கு விளக்கும் கொளுத்துவதில்லை. விடுங்க சித்தி, ஓட்டமா நமக்குச் சோறு போடப்போகுது என்று பிள்ளைதான் அவளைத் தேற்றுகிறாள். ஓடுகிற சப்பாத்தைக் கழுவிக் காயவைத்துப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் தர்மிளாவுக்குக் கொடுத்துவிட்டாள்.

கேட்கிறவர்களுக்கெல்லாம், வருஷம் திரும்புவதற்குள் மானாக ஓடுவாள் என்று டொக்டர் எழுதியே கொடுத்துவிட்டதாகச் சொல்லிவந்தேன். அது அவள் காதில் விழுந்து, சித்தப்பா, இனிமே என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லாதீங்க என்றாள். கோபத்தில் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உனக்கு உள்ளதை எழுதுகிறேன். நடப்பாள். ஓட மாட்டாள்.

உனக்கு அறிவிக்கக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். போன் எடுத்தால் போட்டியைப் பற்றிக் கேட்காதே, சாப்பிட்டியா என்று கேள். மேஸ் நல்லா இருக்குண்ணே என்று அவளாகவே சொல்வாள். நம்பினமாதிரி இரு.

ஆண்டவர் உன் கைகாலைக் காக்கட்டும். வெயிலில் தொப்பியில்லாமல் இறங்காதே.

உன் சித்தப்பா
சிங்கராயர்