கறுப்புப் பெட்டியா, வெள்ளைப் பெட்டியா

பிப்ரவரி 3, செவ்வாய்

இவருடைய டிஸ்க் பிளேயர் போன வாரம் உயிரை விட்டது. கொழுந்தனின் பழைய கேம் மெஷின் நேற்று. இரண்டுக்கும் ஒரே காரணம், மின்சாரம் ஏறி இறங்கியது. இரண்டு பேர் முகத்தையும் பார்க்கச் சகிக்கவில்லை.

எனக்கு ஒரு யோசனை. படமும் பார்க்கலாம், விளையாடவும் செய்யலாம் என்று ஒரே ஒரு கேம் கன்சோல் வாங்கி ஹாலில் வைத்துவிட்டால் என்ன? ஒரே சோபாவில் உட்கார்ந்துதானே ஆக வேண்டும். அண்ணனும் தம்பியும் பேசிப் பதினோரு மாதமாகிறது. ஆபீஸ் நண்பர்கள் வந்திருந்த அன்று இவர், "முப்பத்தஞ்சு வயசாகியும் பொம்மை வச்சு விளையாடுறான்" என்று சொல்லிச் சிரித்தார். அவன் எழுந்து உள்ளே போனான். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு தீவு, நடுவில் படகு நான்.

யோசனையைச் சொன்னேன். இரண்டு பேரும் சரி என்றார்கள். தனித்தனியாக, என்னிடம்.

பிப்ரவரி 5, வியாழன்

ஆரம்பித்துவிட்டது. கடையில் இரண்டு இருக்கின்றனவாம். கறுப்புப் பெட்டியில் டிஸ்க் போடலாம். வெள்ளையில் அந்த வசதி கிடையாது, எல்லாவற்றையும் நெட்டிலிருந்துதான் இறக்க வேண்டும். இவருக்குக் கறுப்புதான் வேண்டும், அலமாரி நிறையப் பட டிஸ்க் வைத்திருக்கிறார். அவனுக்கு வெள்ளை.

"உன் கொழுந்தன்கிட்ட சொல்லு. நெட் போச்சுன்னா அந்த வெள்ளை டப்பா மேல காய் நறுக்கவா?"

"உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க அண்ணி. இந்தக் காலத்துல டிஸ்க்கைத் தொடைச்சுத் தொடைச்சுப் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான்."

நான் கண் ஆஸ்பத்திரியில் போன் எடுப்பவள். அங்கே முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம், சூடான பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்பது. டாக்டர், "அந்த ஆளுக்கு ஒரு தடவை சொன்னா புரியாதா" என்று எரிந்து விழுந்தால், நான் போனில் "டாக்டர் உங்களைத் திங்கட்கிழமை வரச் சொன்னார் சார்" என்பேன். வீட்டிலும் அதே பிழைப்பு. இன்று அவனிடம் போய்ச் சேர்ந்தது: "டிஸ்க் இருந்தா வசதின்னு நினைக்கிறார்." இவரிடம் வந்து சேர்ந்தது: "டிஸ்க் இல்லாமலும் முடியுமாம்." காய் நறுக்குவது, துடைப்பது எல்லாம் என்னோடு நின்றுவிட்டது.

பிப்ரவரி 8, ஞாயிறு

இவர் நில அளவையாளர். ஊரார் நிலத்தை அளந்தது போதாதென்று இன்று ஹாலை அளந்தார். டிவிக்கும் சோபாவுக்கும் எவ்வளவு, டிவி அலமாரியின் இடுக்கு எவ்வளவு, அகலம், உயரம், ஆழம். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான். அடுப்பில் சாதம் அடிப்பிடித்தது.

அவன் மருந்துக்கடையில் மருந்தாளுநர். மாத்திரை அட்டையின் பின்னால் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும் எழுத்தைக்கூட விடாமல் படிக்கிறவன். இரண்டு பெட்டிகளின் விவரக் குறிப்பையும் அச்செடுத்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டு, என் கையில் கொடுத்தான். "அவர் படிக்கட்டும்." இவர் படிக்கவில்லை, தன்னுடைய வரைபடத்தைக் கொடுத்தனுப்பினார். அவன் பார்க்கவில்லை. இரண்டையும் உட்கார்ந்து படித்த ஒரே ஜீவன் நான்தான். இப்போது எனக்கு இந்தப் பெட்டிகளைப் பற்றித் தெரியாததே இல்லை. எனக்கு விளையாடவும் தெரியாது, படம் போட்டால் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவேன்.

பிப்ரவரி 11, புதன்

எந்தப் பெட்டியின் விசிறி அதிகம் இரையும்? இன்று முழுக்க இதுதான். என் காதில் இரைந்தது போதும்.

பிப்ரவரி 14, சனி

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மாடிக்கு வந்தான். வாளியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தபடியே சொன்னான், "ஒரு ரூம் பார்த்திருக்கேன் அண்ணி. மாசக் கடைசியில போயிடலாம்னு இருக்கேன்."

ஏன் இப்போது என்று கேட்டேன். பெட்டிக்காகவா? இல்லையாம்.

"நான் இருக்கிறதும் இல்லாததும் அவருக்கு ஒண்ணுதான். நாலு நாள் காய்ச்சல்ல கிடந்தேனே, ஒரு வார்த்தை கேட்டாரா?"

 நான் இந்த வீட்டுக்கு வந்தபோது பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தவன். பரீட்சைக்கு எழுப்பிவிட்டது நான், முதல் சம்பளத்தில் எனக்குத்தான் கைக்கடிகாரம் வாங்கினான். அவன் போய்விட்டால் எனக்குத் தாங்காது. ஆனால் போகாதே என்று சொல்ல வேண்டியது நான் இல்லை. சொல்ல வேண்டிய ஆள் கீழே டேப்பும் கையுமாக அலமாரியை மறுபடி அளந்துகொண்டிருந்தார்.

ரூம் விஷயத்தை இவரிடம் சொன்னேன். டேப்பைச் சுருட்டினார். பிறகு, "போறவன் போகட்டும்" என்றார். இரவு சரியாகச் சாப்பிடவில்லை. இதை அவனிடம் எப்படிக் கொண்டுபோவது? கொண்டுபோகவில்லை.

பிப்ரவரி 18, புதன்

போதும்டா சாமி. இனி என்னால முடியாது. காலையில பல் தேய்க்கிறப்போ ஒருத்தர் வந்து கறுப்புங்கிறார், செருப்பு மாட்டுறப்போ இன்னொருத்தன் வந்து வெள்ளைங்கிறான். நான் என்ன தபால் பெட்டியா?

பஸ்ஸில் போகும்போது ஒரு வழி தோன்றியது. ஒருவர் இறங்கி வந்தால் மற்றவரும் மனசு இளகமாட்டாரா? சாயங்காலம் அவனிடம் சொன்னேன்: "அவர் உன் இஷ்டத்துக்கே விட்டுட்டார்." இவரிடம் சொன்னேன்: "அவனுக்கு எதுவானாலும் சம்மதமாம், நீங்களே முடிவு பண்ணுங்கன்னுட்டான்."

இரண்டுமே பொய். ஆனால் யாராவது ஒருவர், "வேண்டாம், அவன் ஆசைப்படி ஆகட்டும்" என்று சொல்லாமலா போவார்? அப்படிச் சொல்கிறவர் பக்கம் தோற்றுக்கொள்ளட்டும், பெட்டி வந்தால் சரி.

பிப்ரவரி 20, வெள்ளி

இரண்டு பேரும் என்னிடம் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. இரண்டு பேர் முகத்திலும் ஒரு களை. 

பிப்ரவரி 21, சனி

மத்தியானம் இவர் வண்டியில் கறுப்புப் பெட்டியோடு வந்து இறங்கினார். வாசலில் கொழுந்தன் நின்றிருந்தான், அதே கடை அனுப்பிய வெள்ளைப் பெட்டியைக் கூரியர்காரரிடமிருந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு.

இரண்டையும் சாப்பாட்டு மேஜையில் வைத்தார்கள். பிறகு இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"நீ என்ன சொன்னே என்கிட்ட?"

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணி?"

ஒப்புக்கொண்டேன். வேறு என்ன செய்ய? மாற்றிச் சொன்னேன், இரண்டு பேரிடமும் மாற்றித்தான் சொன்னேன், பதினோரு மாதமாகவே அப்படித்தான் சொல்கிறேன், உங்கள் பேச்சை அப்படியே சொல்லியிருந்தால் இந்த வீட்டில் ஒரு பாத்திரம் மிஞ்சியிருக்காது என்று கத்தினேன்.

இவர் என்னைப் பார்க்கவில்லை. மேஜையையே பார்த்துக்கொண்டு கேட்டார், "அப்போ காய்ச்சல் வந்தப்போ நான் சொன்னதையும் சொல்லலையா?"

எனக்கு முதலில் நினைவே வரவில்லை. அப்புறம் வந்தது. "மருந்துக்கடையில வேலை பார்த்துக்கிட்டு மருந்து போடாமச் செத்துத் தொலையப்போறான், முட்டாப்பய. டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போ. பணம் வேணும்னா என் பையில இருக்கு." நாலு நாளும் காலையில் இதைத்தான் சொன்னார். செத்துத் தொலை, முட்டாள் — இதைப் போய் ஒரு நோயாளியிடம் சொல்வார்களா? நான் போய், "டாக்டரைப் பார்த்துட்டு வரலாம் வா" என்று மட்டும் சொன்னேன். அவன் அதை என் பேச்சாகத்தானே எடுத்துக்கொண்டிருப்பான்?

திட்டை எடுத்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். அக்கறையையும் சேர்த்தே எடுத்துவிட்டிருக்கிறேன். என்னால்தான் அவன் ரூம் பார்த்தான். 

இவர் சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை விடாமல், அவனிடம் சொன்னேன். முட்டாப்பய உட்பட.

அவன் ரொம்ப நேரம் வெள்ளைப் பெட்டியின் அட்டையையே படித்துக்கொண்டிருந்தான். அப்புறம் கறுப்புப் பெட்டியைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் படித்தான்.

"பின்னாடி நாலு விரல் இடம் விடணும்னு போட்டிருக்கு. சூடு வெளியே போகணும். உங்க அலமாரியில அது நிக்காது, அண்ணா."

"அளந்துட்டேன்டா."

"பெட்டியை அளந்தீங்க. வயரை அளந்தீங்களா?"

இவர் டேப்பை எடுக்கப் போனார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

அலமாரியைக் காலையிலேயே நகர்த்திவிட்டார்கள். ஒரு பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுதான் சண்டை. நேருக்கு நேர், அடுத்த வீடு வரைக்கும் கேட்கிற சத்தத்தில். இரண்டு மூன்று முறை சமாதானம் சொல்லப் போனேன்.

"நீ இதுல தலையிடாதே" என்றார் இவர்.

"அண்ணி, நீங்க போய் உட்காருங்க. நீங்க சொன்னா வேற மாதிரி ஆயிடும்" என்றான் அவன். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை மாதம் நடந்து நடந்து தேய்ந்த கால் என்னுடையது.

ரூம்காரருக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டான். அதைக்கூட என்னிடம் யாரும் சொல்லவில்லை, பக்கத்து அறையிலிருந்து நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் ஒரே வண்டியில் கடைக்குக் கிளம்பினார்கள். திருப்பிக் கொடுக்கும் பெட்டி உறைக்குள் இருந்ததால் கறுப்பா வெள்ளையா என்று தெரியவில்லை. எது என்று கேட்டேன். வந்து சொல்கிறோம் என்றார்கள். அவன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து, முன்னால் குனிந்து இவர் காதில் ஏதோ சொன்னான். இவர் தலையை ஆட்டினார். வண்டி தெருமுனை திரும்பும்வரை பேசிக்கொண்டேதான் போனார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.