கையுறை பீரோவில், சாவி என்னிடம்

ஏங்க, கம்பெனி பஸ் வாசலில் ஹாரன் அடிக்கிறது. ஒரு காலில் செருப்போடு எழுதுகிறேன்.

கையுறையைத் தேடாதீர்கள். பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். போன தடவை அதை மாட்டிக்கொண்டு, சூடான டீயையும் பிடித்துக்கொண்டு போனீர்கள். ராணுவ மருத்துவக் குழு டாக்டர் பார்த்தபோது விரலெல்லாம் ரோஜாப்பூ மாதிரி இருந்தது. பென்ஷனுக்கான ஊனச் சதவீதத்தைக் குறைத்துவிட்டார். இன்று மேல்முறையீடு, இதற்குமேல் வாய்ப்பில்லை. குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போவதை அவர் கண்ணால் பார்க்கட்டும். எத்தனை தடவை வரும் என்று கேட்டால், “எப்பவாவதுதான் சார்” என்று வீரம் பேசாதீர்கள். தினமும் வருகிறது, சட்டைப் பட்டனைக்கூட நான்தான் போட்டுவிடுகிறேன் என்று சொல்லுங்கள்.

“என்னைப் பிச்சை கேக்கச் சொல்றியா?” என்று நேற்று கத்தியதற்கு இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது.

பி.கு.: உங்களோடு பனியில் காவல் நின்ற மீசை அண்ணன் துணைக்கு வருகிறார். “என்னடா கையுறை ராஜா” என்று கிண்டல் செய்வார், செய்யட்டும்.

இன்னொன்று. “அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதம்மா” என்றார் அண்ணன், நான் சொல்லிவிடுகிறேன். அவருக்கும் விரல் வெளுக்கிறதாம். நீங்கள் உள்ளதைச் சொன்னால்தான் அவரும் டாக்டரிடம் கையை நீட்டுவாராம்.