நீ அழைத்தபோது என் கையில் துவக்கு இருந்தது

என் அக்காச்சிக்கு,

உனக்குக் கடிதம் எழுதி எத்தனை வருடம்! ஜெர்மனியில் இருந்த காலத்தில் மாதம் ஒன்று எழுதுவேன். லண்டனுக்கு வந்த பிறகு போன் வந்தது, எழுத்து நின்றது. இனிப் போனிலும் நீ இல்லை என்று ஆனபின் திரும்பப் பேனையை எடுத்திருக்கிறேன். இதை இங்கே வெளிவருகிற ஒரு தமிழ்ச் சஞ்சிகைக்கும் கொடுக்கப் போகிறேன். நாலு பேர் வாசிக்கட்டும். உன்னிடம் மட்டும் சொன்னால் நீ உடனே மன்னித்துவிடுவாய், அக்கா. அது எனக்குப் போதாது.

நான் உன்னிடம் மறைத்ததிலிருந்து தொடங்குகிறேன். வடலண்டன் எட்மண்டனில் நான் வேலை செய்யும் பட்டறையில் என்ன செய்கிறோம் என்று நீ கேட்கும்போதெல்லாம் “இரும்புக் குழாய்” என்பேன். “என்ன குழாயடா, தண்ணிக் குழாயோ?” என்றாய் ஒரு நாள். “ஓம், அப்பிடித்தான்” என்று சமாளித்தேன்.

தண்ணீர்க் குழாய் இல்லை. துவக்குக் குழாய். நீ பயப்படும் துவக்குகள் இல்லை அவை. வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து, கம்பியால் இடித்து இறக்கிச் சுடுகிற பழைய காலத்து மாதிரி. இங்கே சில வெள்ளைக்காரருக்கு அது ஒரு விளையாட்டு. சனி, ஞாயிறுகளில் கடதாசி இலக்கைச் சுட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்துக் கலைவார்கள். பழையது கிடைக்காதவர்கள் எங்களிடம் புதிதாகச் செய்விப்பார்கள். ஜெர்மனியில் லேத் மெசினில் பழகிய கைக்கு லண்டனில் கிடைத்த வேலை இதுதான். வன்னிக்குப் போகிற போனில் “துவக்கு” என்ற சொல்லை நான் எப்படிச் சொல்வேன்? யார் ஒட்டுக் கேட்பார்கள், கேட்டு உன்னை என்ன செய்வார்கள்? உனக்குக் கரைச்சல் வரக்கூடாதென்று மறைத்தேன்.

இந்த வருடம் தை மாதத்தோடு உன் குரல் நின்றுபோனது. கடைசியாகக் கதைத்தபோது, “இடம் மாறிக்கொண்டே இருக்கிறம். அபியின்ர சோதினைதான் எனக்கு யோசினை” என்று மகளின் பரீட்சைக்குக் கவலைப்பட்டாய். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. யுத்தச் செய்திகளில் வரைபடம் காட்டுவார்கள். ஒவ்வொரு கிழமையும் நீங்கள் நிற்கிற துண்டு சிறுத்துக்கொண்டே போகும். கடைசியில் கடலுக்கும் நீரேரிக்கும் நடுவில் ஒரு கீறு மாதிரி ஆனது. அந்தக் கீற்றுக்குள் எத்தனை ஆயிரம் சனம், அதில் என் அக்கா எந்த மூலையில்?

உன் மச்சாள், என் மனைவி சுகந்தி, தன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பாராளுமன்றத்துக்கு முன்னால் கூடிய சனத்தோடு போய் நின்றாள். கத்திக் கத்தித் தொண்டை அடைத்து வீட்டுக்கு வருவாள். எனக்கு இருந்த லீவெல்லாம் முடிந்துவிட்டது. லேத்துக்கு முன்னால் நின்றபடி சட்டைப்பைக்குள் இருக்கும் போனைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். குளிக்கப் போகும்போது அதைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கூடவே கொண்டுபோவேன். போனைக் கழுத்தில் கட்டிய மாடு மாதிரித் திரிந்தேன். நீங்கள் அங்கே அடைபட்டிருந்தீர்கள். நான் இங்கே அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடைபட்டிருந்தேன். இரண்டையும் ஒன்றாகச் சொல்லக் கூடாது, தெரியும்.

சித்திரை மாதம், ஒரு வியாழக்கிழமை. முதலாளி டெரிக் காலையில் வந்து, புதுத் துவக்கு முடிந்துவிட்டது, வாங்குகிறவர் சனிக்கிழமை வருகிறார், இன்றைக்கே சுட்டுப் பார்ப்போம் என்றார். டெரிக் அறுபது தாண்டிய மனுசன். என்னோடு ஒரு நாளும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. “நீ கடைந்த குழாய். நீயே சுடு” என்றார். பட்டறையின் வான் வண்டியில் ஏறிப் போனோம்.

லண்டன் முடிகிற இடத்தில், பெருந்தெருவின் இரைச்சல் கேட்கிற தூரத்தில் அந்தச் சுடுதளம் இருக்கிறது. ஒரு நீண்ட கொட்டகை, முன்னால் புல், அதற்கப்பால் மண்மேடு. அதற்குப் பொறுப்பாக ஒரு பெண்மணி நின்றார். முன்பு பள்ளிக்கூட ரீச்சராக இருந்தவர் போல ஒரு கண்டிப்பு. எல்லாருடைய போனையும் நிறுத்தி வாகனத்துக்குள் வைத்துவிட்டு வரச் சொன்னார். டெரிக் வைத்தார். இன்னும் மூன்று பேர் சுட வந்திருந்தார்கள், அவர்களும் வைத்தார்கள். நான் சத்தத்தை மட்டும் நிறுத்தினேன். போனை அதிர விட்டு, சட்டைப்பைக்குள் போட்டு, கம்பளி ஜம்பரை மேலே இழுத்துவிட்டேன்.

முதல் மூன்று வெடியும் சுத்தமாகப் போயின. அளந்த மருந்தைக் கொட்டுவேன், எண்ணெய்த் துணியில் சுற்றிய குண்டை வைத்துக் கம்பியால் இறக்குவேன், சுத்தியலுக்குக் கீழே உள்ள குழல்முனையில் சின்னச் செப்புத் தொப்பியை மாட்டுவேன். விசையை இழுத்ததும் சுத்தியல் தொப்பியில் விழும், அதில் கிளம்பும் பொறி உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும். வெள்ளைப் புகை கிளம்பி ஆளையே மறைக்கும். புகை விலகினால் இலக்கின் நடுவில் மூன்று ஓட்டையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. டெரிக் என் முதுகில் தட்டினார். எனக்குச் சந்தோசமாக இருந்தது, அக்கா. இதையும் நான் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கால் மணித்தியாலம் நான் உன்னை நினைக்கவேயில்லை.

நாலாவது முறை விசையை இழுத்தேன். தொப்பி மட்டும் ‘டப்’ என்றது. வெடி போகவில்லை.

“அசையாதே!” என்று பின்னாலிருந்து அந்தப் பெண்மணி கத்தினார். “இலக்கை நோக்கியே பிடி. இரண்டு நிமிடம்.”

உள்ளே ஒரு பொறி புகைந்துகொண்டிருக்கலாம். அடுத்த வினாடியும் வெடிக்கும், அடுத்த நிமிடமும் வெடிக்கும், வெடிக்காமலும் போகும். அதனால் தோளிலிருந்து இறக்காமல், திரும்பாமல், அப்படியே நிற்க வேண்டும். மற்ற மூன்று பேரும் தங்கள் துவக்குகளைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் போனார்கள். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் நெஞ்சில் போன் அதிர்ந்தது.

சுகந்தியாக இருக்காது. என் வேலை நேரத்தில் அவள் எடுக்க மாட்டாள். யார் என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே. நெஞ்செலும்பில் இடித்து இடித்து அது அதிர்ந்தது. நான் எண்ணவில்லை. நீண்ட நேரம். பிறகு நின்றது.

இரண்டு நிமிடம் முடிந்தது. புதுத் தொப்பி மாட்டச் சொன்னார். மாட்டினேன். இழுத்தேன். திரும்பவும் ‘டப்.’ திரும்பவும் “இரண்டு நிமிடம்.” திரும்பவும் நெஞ்சில் நீ.

இனித்தான் நான் சொல்ல வந்தது. டெரிக் எனக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றார். “டெரிக், இதைப் பிடியுங்கள், என் அக்கா எடுக்கிறாள்” என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. வாயைத் திறக்கவேயில்லை. போன் வைத்திருந்தது விதிக்கு மாறு, அது தெரிந்துவிடும் என்று நினைத்தேன். வேலை போய்விடுமோ என்று நினைத்தேன். யார் எடுக்கிறார்கள், எங்கேயிருந்து என்று கேட்பார்கள், யுத்தம் நடக்கிற நாட்டுக்காரன் துவக்கோடு நிற்கிறான் என்று ஒரு பார்வை பார்ப்பார்கள் என்று நினைத்தேன். இவ்வளவையும் நினைக்க எனக்கு நேரம் இருந்தது. ஒரு வசனம் சொல்ல நேரம் இருக்கவில்லையா?

போன் நின்றது. மூன்றாவது தொப்பிக்கு வெடி போனது. குண்டு எங்கே போனதென்று நான் பார்க்கவில்லை. துவக்கை மேசையில் வைத்துவிட்டு, வெளியே ஓடி, வான் நின்ற இடத்தில் போனை எடுத்துப் பார்த்தேன். பழக்கமில்லாத ஒரு நீண்ட இலக்கம். இரண்டு தரம். நான் திருப்பி எடுத்தேன். ஐந்தாறு தரம் கிடைக்கவில்லை. பிறகு ஒரு ஆணின் குரல் கேட்டது. பின்னால் குழந்தைகள் அழுகிற சத்தம்.

“அண்ணை, இப்ப இந்த நம்பரில இருந்து எனக்கு எடுத்தவ என்ர அக்கா. அவவைக் கூப்பிட ஏலுமோ?”

“தம்பி, எத்தினையோ பேர் வரிசையில நிண்டு எடுக்கினம். ஒரு பொம்பிளை, மகளோட வந்தவ. போயிட்டா.”

“எந்தப் பக்கம் போனவ? கொஞ்சம் பாக்க ஏலாதோ?”

“இஞ்ச ஒருத்தர் ஒருத்தரைத் தேடிப் போற நிலைமை இல்லைத் தம்பி. குறை நினையாதேங்கோ. பற்றரி போகுது.”

நான் தரையில் இருந்துவிட்டேன். டெரிக் தேடிக்கொண்டு வந்தார். என்னவென்று கேட்டார். சொன்னேன். எனக்குப் பக்கத்தில் தானும் தரையில் இருந்தார். “ஏன் நீ சொல்லவில்லை? நான் வாங்கியிருப்பேனே” என்றார். அந்த மனுசன் என்னை ஏசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து சுகந்தியிடம் என்ன சொன்னேன் தெரியுமா? “போனை எடுக்கட்டோ எண்டு கேட்டனான், விடேல்லை” என்றேன். அவள் அந்தச் சுடுதளத்துக்காரியைத் திட்டித் தீர்த்தாள். பிறகு தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் எடுத்து அதையே சொன்னாள். ஒரு பாவமும் அறியாத மனுசி மேல் ஊரெல்லாம் பழி. நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நானே போய் விழுந்த பொறிக்குள்தான் இன்னும் நிற்கிறேன்.

வைகாசியில் எல்லாம் முடிந்தது என்றார்கள். ஆனியில் ஒரு மத்தியானம் போன் வந்தது. பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தாமலே எடுத்தேன்.

“மாமா, நான் அபி.”

“பிள்ளை! எங்கையம்மா நிக்கிறாய்? அம்மா எங்க?”

“முகாமில நிக்கிறன் மாமா. அம்மா இல்லை.”

நீ என்னை அழைத்து இரண்டாம் நாள், தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஷெல் விழுந்ததாம். உன்னைக் கடற்கரை மணலில் வைத்துவிட்டு வந்தார்களாம். பதினேழு வயதுப் பிள்ளை இதை ஒரு பாடத்தை ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

“அம்மா உங்களுக்கு ரெண்டு தரம் எடுத்தவ. ரெண்டு தரமும் மணி போனது. ஏன் மாமா எடுக்கேல்லை?”

“வேலையில நிண்டனான் பிள்ளை.”

“ஓம். அம்மாவும் அப்பிடித்தான் சொன்னவ. ‘அவன் வேலையில நிப்பான், போன் அடிக்குதுதானே, சுகமா இருக்கிறான்’ எண்டவ. அண்டைக்குத்தான் உங்கட நம்பரை எனக்குப் பாடமாக்கித் தந்தவ. திரும்பத் திரும்பச் சொல்ல வைச்சவ.”

நான் எடுக்காத அழைப்பில் நீ என் சுகத்தைக் கண்டுபிடித்தாய். என் இலக்கத்தை அவளுக்குப் பாடமாக்கினாய். அதைக் கேட்டு ஆறுதல்படு என்று சுகந்தி சொல்கிறாள். ஆறுதல் வருகிறது அக்கா, வராமல் இல்லை. வந்ததும் அதன் பின்னாலேயே அந்த ஒரு முழத் தூரம் வந்து நிற்கிறது. நான் எடுத்திருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்? அபியைப் பற்றி ஏதாவது சொல்ல வைத்திருந்தாயா? சும்மா “சாப்பிட்டியோ” என்று கேட்கத்தான் எடுத்தாயா?

இங்கத்தைய புதினங்களையும் சொல்கிறேன். அந்தத் துவக்கில் பொறி போகிற துளைக்குள் எண்ணெய் தங்கி, முதல் மூன்று வெடியின் கரியோடு சேர்ந்து அடைத்திருந்தது. கடைசியாகத் துடைத்தவன் நான்தான். சரிசெய்து கொடுத்தோம். வாங்கியவர் நல்ல திருப்தி என்று எழுதியிருந்தார். நான் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன். வேறு வேலை தேடினேன், இந்த வருடம் லண்டனில் ஒன்றும் கிடைக்கவில்லை. அபியை இங்கே கூப்பிட வழியுண்டோ என்று ஒரு சட்டத்தரணியைக் கேட்டேன். மருமகள் என்ற உறவுக்கு வழி இல்லை என்றார். அவள் இன்னும் கம்பி வேலிக்குள்தான் இருக்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாக ஆட்களை வெளியே விடுகிறார்களாம். நானே அங்கே வரலாமென்றால் விசாப் பத்திரத்தில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு மாதமாக அது மேசையில் கிடக்கிறது.

கிழமைக்கு ஒருதரம் அபி கதைக்கிறாள். யாருடையதோ போன், பக்கத்தில் யார் யாரோ. ஒவ்வொரு முறையும் சொல்ல வாயெடுக்கிறேன். என் கையில் என்ன இருந்ததென்று அந்தப் போனில் சொன்னால் விசாரணைக்குப் போவது அவள். சொல்லாவிட்டால் அவள் மாமாவை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். இரண்டும் எனக்குப் பொறுக்க ஏலாது.

இதைப் பிரதியெடுத்து, சுகந்தி வேலையால் வந்ததும் சாய்ந்திருக்கிற கதிரையில் வைத்துவிட்டேன். அபிக்காகப் பெயர்களை மாற்றி அச்சில் வருமுன் அவள் என் கையெழுத்தில் வாசிக்கட்டும். அந்தச் சுடுதளத்து மனுசியிடமும் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அக்கா. அந்தக் கட்டத்தில் என் தொழிலை உள்ளபடியே எழுதுவேன். விசா தந்தாலும் தராவிட்டாலும், அபி வெளியே வந்த பிறகு எந்த நாட்டிலாவது அவளை நேரில் காண்பேன். கண்டு, அவள் முகத்தைப் பார்த்து, “கொம்மா எடுக்கேக்குள்ள நான் கேட்டிருக்கலாம், கேக்கேல்லை” என்று சொல்வேன். அவள் ஏசினால் ஏசட்டும், எழும்பிப் போனால் போகட்டும். நான் அந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன்.

உனக்குப் பின் அதே வயிற்றில் பிறந்த
உன் தம்பி,
பாலன்