மொட்டை மாடி நிலவேம்புக்கு அப்பா ஊற்றியது

ராஜகீழ்ப்பாக்கம்,
ஞாயிறு சாயங்காலம்

அன்பு மகள் பிளஸ்ஸிக்கு அம்மா எழுதுவது,

ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம். போலந்துக் குளிரில் நீயும் சுகமாக, தலைக்குக் குல்லாய் போட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பிக்கைதான், நீ அனுப்பின ஒரு போட்டோவிலும் குல்லாயைக் காணோம். தினமும் போனில் பேசிவிட்டு எதற்கு இந்தக் கடிதம் என்பாய். போனை ஸ்பீக்கரில் போட்டு உன் அப்பா நடுவில் உட்கார்ந்துகொள்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றியே எப்படிச் சொல்வது. இப்போது சபையில் ஆண்கள் கூட்டத்துக்குப் போயிருக்கிறார், வருவதற்குள் எழுதிப் போனில் படம் பிடித்து அனுப்பிவிடுகிறேன். இங்கே வேளச்சேரி ரோட்டைத் திரும்பவும் தோண்டியிருக்கிறார்கள், போன தடவை மூடும்போது உள்ளே எதையோ மறந்து வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஈவ்லின் சித்திக்கு முட்டிவலி குறையவில்லை, டாக்டர் மாடிப்படி ஏறாதே என்றதும் மாடிவீடு பார்த்துக் குடிபோயிருக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ கிளம்பும்போது உன் ஆராய்ச்சிக்காக மொட்டை மாடியில் நிலவேம்பை இரண்டு வரிசையாக வைத்து, ஒரு வரிசைக்கு உன் நானோ வெள்ளிக் கரைசல், இன்னொன்றுக்கு வெறும் தண்ணீர், மற்றபடி இரண்டையும் ஒரே மாதிரி கவனிக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னாய். கண்ணுக்கே தெரியாத வெள்ளி என்றாய், கொலுசு செய்யக்கூட உதவாத வெள்ளிக்கு இத்தனை மரியாதையா என்று நினைத்துக்கொண்டேன். கணக்கு வாத்தியாராக இருந்தவராயிற்றே, அப்பா வாராவாரம் ஸ்கேல் வைத்து அளந்து அனுப்பினார். வெள்ளி குடித்த வரிசை மளமளவென்று வளர்கிறது என்று நீயும் உன் புரொபசரும் பூரித்துப்போனீர்கள். அந்த அளவுகளை வைத்துத்தானே வருகிற வியாழக்கிழமை மாநாட்டில் பேசப்போகிறாய், அதுதான் எனக்கு இந்த அவசரம்.

போன ஞாயிறு, மாடிப் போர்ஷனில் குடியிருக்கிற தீபலட்சுமி, சுத்த சைவம் அந்தப் பெண், கீழே இறங்கி வந்து, ஆன்ட்டி, கொடியில போட்ட புடவையெல்லாம் கவுச்சி அடிக்குது, காக்கா வேற மொய்க்குது, இன்னான்னு கொஞ்சம் பாருங்களேன் என்றாள். போய்ப் பார்த்தால் உன் அப்பா ஆட்டுக்கறி கழுவின தண்ணீரைச் சொம்பில் வைத்துக்கொண்டு வெள்ளி வரிசைக்கு மட்டும் உரமாக ஊற்றிக்கொண்டிருக்கிறார். பக்கத்து வரிசைக்கு ஒரு சொட்டு கிடையாது. இத்தனை வருஷத்தில் இல்லாத அதிசயமாகக் கறியை நானே கழுவித் தருகிறேன் என்றபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கறி, புதன்கிழமை மீன் என்று சில மாதமாக வாங்கி வந்ததெல்லாம் எனக்காக என்று வேறு நினைத்துச் சந்தோஷப்பட்டிருந்தேன்.

கேட்டேன். செடி கொஞ்சம் வாடினாற்போல இருந்தது என்று மழுப்பினார். விடாமல் கேட்ட பிறகு, முதல் அளவு அனுப்பறதுக்கு முன்னாடியே இலையெல்லாம் ஓரத்துல கருகி, செடி குன்றிப்போச்சு ஞானம், நம்ம புள்ள ஊத்தச் சொன்னது தோத்துடுச்சுன்னு அவகிட்ட எப்படிச் சொல்றது, அதான் கொஞ்சம் தூக்கி விட்டேன் என்றார். அளந்ததில் மட்டும் ஒரு மில்லிமீட்டர் பொய் கிடையாது என்று ரோஷம் வேறு. பரீட்சை ஹாலில் ஒரு பிள்ளை கழுத்தைத் திருப்பினாலே எழுந்து நிற்க வைத்த மனுஷன், மகளுக்காக ஒரு செடிக்குப் பிட் கொடுத்திருக்கிறார்.

வியாழக்கிழமை தாண்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது, செடி வந்து சாட்சி சொல்லுமா என்கிறார். எனக்கும் அந்த ஆசை வராமல் இல்லை. யேசுதாசன் பாஸ்டர், உன் அப்பா பேரைச் சொல்லி, தனசிங் சார் மகள் வெளிநாட்டில் பேசப்போகிறாள் என்று பிரசங்க பீடத்திலிருந்தே அறிவித்து ஸ்தோத்திரமும் பண்ணிவிட்டார், அதைத் திருப்பி வாங்க முடியாது. ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் நிலவேம்பு காய்ச்சலுக்குக் குடிக்கிற செடி. உன் பேச்சை நம்பி யாரோ வெள்ளி ஊற்றி வளர்த்து, அதைக் கஷாயம் வைத்துத் தன் பிள்ளைக்குக் கொடுப்பாள் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் இன்றைக்கே உன் புரொபசரிடம் சொல்லிவிடு. பேச்சு போனால் போகட்டும். கறித் தண்ணீரை நிறுத்தியாயிற்று, இனிமேல் நானே அளந்து உள்ளதை உள்ளபடி அனுப்புகிறேன். அப்பாவைத் திட்டு, நன்றாகவே திட்டு, நீ பேசாமல் இருந்தால்தான் அவர் தாங்கமாட்டார். திட்டி முடித்ததும், நான் தோற்றுவிட்டு வந்தாலும் இந்த வீட்டில் எனக்கு ஒன்றும் குறையாது, அது எனக்குத் தெரியும் அப்பா என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல். அதை நாங்கள் உனக்கு எப்போதாவது சொன்னோமா என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை.

ஆண்டவர் உன் நாவுக்கு உண்மையும் உன் நெஞ்சுக்குத் தைரியமும் கொடுத்து உன்னைக் காப்பாராக. ஊறுகாய் பாட்டிலில் ஈரக் கரண்டியைப் போடாதே.

உன் அன்பு அம்மா,
ஞானசௌந்தரி