என் ரத்தத்தில் அணையாத வெளிச்சம்

ஹாம்பர்க், 12.2.1984

அன்புள்ள அப்பாவுக்கு, அமிர்தராஜ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? நான் சுகம், பயப்படாதீங்க.

இங்க நான் வேலை பார்க்கிற லேப் இருட்டறையில ஒரு மருந்தை நீலமா ஒளிரவிட்டு, அதுல ரத்தம் ஒரு சொட்டு விடுவோம். உடம்போட நஞ்சை அழிக்கிற என்சைம் ரத்தத்துல இருந்தா வெளிச்சம் அணைஞ்சிடும். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம் கேட்டாங்க. நான் கையை நீட்டினேன்.

அப்பா, அணையவே இல்லை! மருந்துதான் கோளாறுன்னு சிரிச்சேன். மறுபடி விட்டாலும் அப்படியே ஒளிருது. புரொபசர் கேட்டார்: "உன் அப்பாவும் அம்மாவும் நெருங்கின சொந்தமா?"

திருச்சி எங்க இருக்குன்னே தெரியாத மனுஷனுக்கு, அம்மா உங்க அக்கா மகள்னு எப்படித் தெரிஞ்சுது? சொந்தத்துக்குள்ள கட்டினா, அந்த என்சைம் இல்லாத ஒரே குறை ரெண்டு பக்கத்துல இருந்தும் சேர்ந்து இப்படி வருமாம். என் தீராத வாய்ப்புண்ணுக்கும் இதுதான் காரணமாம். உயிருக்கு ஒண்ணுமில்லை.

மணத்தக்காளி வத்தல் அனுப்புங்க. பேச ஆளில்லாத ஊர்ல வாய் ஆறி என்ன பண்ண, இருந்தாலும் அனுப்புங்க.

தபால் எடுக்க வந்துட்டாங்க. தங்கச்சி ராணியை அம்மாவோட தம்பிக்கே கொடுக்கறோமே, ரெண்டு பேர் ரத்தத்தையும் பார்க்காம வேண்டாம். கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சு, தடை தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு சாமியார் கேட்பாரே, அப்ப எழுந்து என் பேரைச் சொல்லுங்க.

உங்கள் மகன்,
அமிர்தராஜ்