மடுல்சீமை மெம்பரின் வோட்டு

மொனராகலை
09.01.2026

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். நீங்களும் நம் மகள் தயானியும் சுகமா? போன் அடித்து அடித்துப் பயந்திருப்பீர்கள். செவ்வாய்க்கிழமை பிரதேச சபைக்குத் தவிசாளர் தேர்வு முடியும்வரை எங்கள் பக்கத்து மெம்பர்கள் எல்லாரையும் இந்த ஹோட்டலில் வைத்திருக்கிறார்கள். போன்களை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். என்னை விட்டுவிட்டு எண்ணினால் இரண்டு பக்கமும் சமமாம், என் ஒரு வோட்டுத்தான் முடிவாம்.

வேன் ஓட்டும் றில்வான் தம்பி இதைக் கொண்டுவருவார். நம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மேட்டில் வெடிப்பு எப்படி இருக்கிறது? பதினான்கு குடும்பத்துக்கும் வேறு காணி வாங்கித் தருகிறேன் என்றுதானே ஜெயித்தேன்? இங்கே கேட்டால், "பாப்போம் தங்கச்சி" என்கிறார்கள். எழுதித் தரச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

விஜயலெட்சுமி

பசறை
10.01.2026

அன்புள்ள லெட்சுமிக்கு,

வெடிப்புக்குள் முந்தாநாள் என் கை முழங்கை வரை போனது. மழை விடவில்லை. எதிர்ப்பக்கத்தில் தவிசாளருக்கு நிற்கும் பொன்னையா அண்ணன் வந்து விசாரித்தார். நல்ல மனுசன். வோட்டை அவருக்கே போட்டுவிடு. பிள்ளையைப் பற்றிக் கவலைப்படாதே. இங்கே ஒழுகல் இல்லை, நன்றாகத் தூங்குகிறாள்.

கஜேந்திரன்

மொனராகலை
11.01.2026

மாமா,

நம் லயத்துக் கூரை எந்த மழைக்கு ஒழுகாமல் இருந்தது? கடிதத்தில் மடுல்சீமை என்று போடாமல் பசறை என்று வேறு போட்டிருக்கிறீர்கள். றில்வானைக் கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: "அக்கா, பொன்னையா அண்ணன் குடுத்த வீட்டுலதான் இருக்காங்க."

பிள்ளை தப்பித்தாளே என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கே கூசுகிறது. மற்றப் பதின்மூன்று குடும்பமும்? அங்கம்மா அக்காவுக்கு எழுந்து நிற்கவே முடியாதே! எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போங்கள். இன்றைக்கே.

லெட்சுமி

பசறை
12.01.2026

லெட்சுமி,

போய்ச் சொன்னேன். "நீ மட்டும் தப்பிச்சுப் போயிட்டு எங்களுக்குப் புத்தி சொல்ல வந்தியா?" என்று அங்கம்மா அக்கா கேட்டார். யாரும் அசையவில்லை. நான் திரும்பி வந்துவிட்டேன். பயத்தில் செய்தேன், பிள்ளைக்காக. வீட்டுக்கு ஈடாக உன் வோட்டைத் தருவதாகப் பொன்னையா அண்ணனிடம் சொல்லியும்விட்டேன். நாளைக்குப் போட்டுவிடு. மற்றவர்களுக்குப் பிறகு பார்க்கலாம்.

கஜேந்திரன்

மடுல்சீமை, பள்ளிக்கூடம்
14.01.2026

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் ஹோட்டல் குசினியில் அடுப்புகளைத் தாண்டி வெளியேறி பஸ் ஏறினேன். வழியில் பசறையில் இறங்க மனம் வரவில்லை.

நேற்று விடிந்ததும் ஒவ்வொரு காம்பராவாகப் போய்க் கதவைத் தட்டினேன். என்னையும் திட்டினார்கள். திட்டிக்கொண்டே பாத்திரங்களைக் கட்டினார்கள். அங்கம்மா அக்காவைக் கதிரையோடு தூக்கினோம். சபையில் என் பெயரைக் கூப்பிட்ட நேரம் நான் அந்தக் கதிரையின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நின்றேன். பதினொன்றரைக்கு மேடு சரிந்தது. நம்முடையதோடு ஆறு காம்பரா மண்ணுக்குள். உள்ளே ஒருவரும் இல்லை.

தவிசாளர் யார் என்று நான் இன்னும் கேட்கவில்லை. என் பதவியைப் பறிக்கப் போகிறார்களாம்.

நீங்கள் பயந்ததை நான் குறை சொல்லவில்லை. பேச வேண்டியது என்னைக் கேட்காமல் என் வோட்டை நீங்கள் கொடுத்ததைப் பற்றித்தான்.

நாளைக்குப் பொங்கல். எல்லாருக்கும் ஒரே பானை. தயானியோடு வாருங்கள். இங்கே உங்களிடம் கேள்வி கேட்பார்கள். நீங்களே பதில் சொல்லுங்கள். ஊருக்காகப் பேசத்தான் நான் மெம்பர். உங்களுக்காக ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

விஜயலெட்சுமி